எப்படித் தெரியும், சார்? – ஒரு ஹெலிகாப்டர் மாதிரி கற்றுத்தந்த கணக்கு

ஆரல்வாய்மொழியில் ஆசிரியராக இருப்பவருக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கரும்பலகையில் ஒட்டிய வரைபடம் நிற்காது. விடைத்தாள்மேல் கல் வைக்க வேண்டும். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு அவை 'காத்தாடி'. சுற்றும் இறக்கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டதும், விமானப் படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டதும், ஆட்களை மீட்டதும் நினைவிருக்கும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "அதுல எத்தன பேரு ஏறலாம், சார்? நம்ம கிளாஸ் முழுசும் கொள்ளுமா?"

பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கணித ஆசிரியர். அளந்து பார்ப்போம் என்றேன். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஹெலிகாப்டர் மாதிரி. அதைச் செய்த மூன்று மாதங்களில் விகிதம் பற்றி மாணவர்கள் கற்றதைவிட, 'சரியானது' என்பது பற்றி நான் கற்றது அதிகம். அதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மைதானத்தில் ஒரு ஹெலிகாப்டர்

நாங்கள் தேர்ந்தெடுத்தது எம்ஐ-17 வி5. ரஷ்யத் தயாரிப்பான இது, 2012 பிப்ரவரியில் நம் விமானப் படையில் முறைப்படி சேர்க்கப்பட்டது. வெள்ள மீட்புக்கும் கமாண்டோ வீரர்களைக் கொண்டுசெல்லும் சிறப்பு நடவடிக்கைகளுக்கும் பயன்படும் வகை. பொதுவில் வெளியான அளவுகளில் எங்களுக்குத் தேவையானவை இவை: மேல் விசிறியின் விட்டம் சுமார் 21.3 மீட்டர், உடலின் நீளம் சுமார் 18.4 மீட்டர், உடலின் அகலம் சுமார் 2.5 மீட்டர், வால் விசிறியின் விட்டம் சுமார் 3.9 மீட்டர், மேலே 5 இறக்கைகள், வாலில் 3 இறக்கைகள்.

எண்களைப் பலகையில் எழுதியபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மைதானத்துக்குப் போனோம். நடுவில் ஒரு முளையடித்து, 10.65 மீட்டர் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டோம். வட்டத்தின் ஓரம் வேப்பமரத்தைத் தொட்டது. "இவ்வளவு பெரிசா!" என்றார்கள். உடலின் நீளம் எங்கள் வகுப்பறையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பிறகு, உள்ளே ஆட்கள் இருக்கும் இடமான 5.3 மீட்டருக்கு 2.3 மீட்டர் செவ்வகத்தை வரைந்து, அதற்குள் 36 மாணவர்களை நிறுத்தினோம். அத்தனை வீரர்களை ஏற்றலாம் என்பது வெளியான கணக்கு. தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். "பை, துப்பாக்கி எல்லாம் எங்க வைப்பாங்க, சார்?" என்று ஒரு குரல் வந்தது. அளவு என்பது எண்ணல்ல, இடம் என்பது அன்று அவர்களுக்குப் புரிந்தது.

மீட்டரை இரண்டால் பெருக்கு

அளவு மாதிரி என்றால், ஒரு பொருளின் எல்லாப் பகுதிகளையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கிச் செய்வது. உலகெங்கும் விமான மாதிரி செய்வோர் பெரும்பாலும் 1:72, 1:48 ஆகிய அளவுத்திட்டங்களைப் பயன்படுத்துகிறார்கள். இந்த எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். 6 அடிக்கு 1 அங்குலம் என்றால் 1:72. 4 அடிக்கு 1 அங்குலம் என்றால் 1:48. அடி, அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை அவை.

நாங்கள் 1:50 எடுத்தோம். இதில் ஒரு வசதி: மீட்டரில் உள்ள அளவை இரண்டால் பெருக்கினால் மாதிரியின் அளவு சென்டிமீட்டரில் கிடைத்துவிடும். விசிறி 42.6 செ.மீ.; உடல் 36.8 செ.மீ.; உடலின் அகலம் 5 செ.மீ.; வால் விசிறி 7.8 செ.மீ. வகுத்தலுக்குப் பயப்படும் மாணவர்கூட இந்தக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவார். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் நடத்தும்போது இதே அட்டவணையை 1:72-க்கும் நிரப்பச் சொன்னால் உண்மையான பயிற்சி கிடைக்கும்.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் தொகுப்புகள் எங்கள் வசதிக்கு எட்டாதவை. கல்யாணப் பத்திரிகை அட்டை, பழைய நாட்காட்டி அட்டை, தென்னை ஈர்க்கில், பசை, இவைதான் எங்கள் பொருள்கள். உடலைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வடிவங்களை அட்டையில் வெட்டி, விலா எலும்புபோல் வரிசையாக நிறுத்தி, மேலே மெல்லிய அட்டையைப் போர்த்தினோம். வள்ளம் கட்டுகிறவர்கள் செய்வதும் இதுதான் என்று கடலோரத்திலிருந்து வரும் ஒரு மாணவி சொன்னாள்.

எந்த எம்ஐ-17?

ஒரு குழு, தன் மாதிரியை 2008 மும்பைத் தாக்குதலோடு சேர்த்துக் காட்ட விரும்பியது. அந்த ஆண்டு நவம்பர் 28 காலையில் தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள், விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பிடித்து நரிமன் இல்லத்தின் மாடியில் இறங்கியதை நாடே பார்த்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "வி5 வந்தது 2012-னு நீங்கதானே சொன்னீங்க?"

சரியான கேள்வி. வி5 வகையில் மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும். பின்பக்கம் கீழே இறங்கும் சாய்தளக் கதவு இருக்கும். முந்தைய வகைகளில் பெரும்பாலும் மூக்கு உருண்டையான கண்ணாடிக் கூண்டு. பின்கதவு சிப்பிபோல் இரண்டாகத் திறக்கும். அதற்கும் மூத்த எம்ஐ-8, 1970களின் தொடக்கத்திலிருந்து 2017 வரை நம் விமானப் படையில் இருந்தது. அதன் வால் விசிறி வலப்பக்கம், எம்ஐ-17-க்கு இடப்பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். வி5 மாதிரியை வைத்து 'மும்பை, 2008' என்று எழுதினால், அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தாலும் அது தவறான மாதிரி. குழு தலைப்பை மாற்றிக்கொண்டது.

படத்திலிருந்து அளவெடுத்தல்

வெளியான அளவுகள் ஐந்தாறுதான். ஜன்னல் எவ்வளவு அகலம், சக்கரம் எங்கே, கதவு எவ்வளவு உயரம் என்பதற்கெல்லாம் படம்தான் ஆதாரம். இதற்கு நாங்கள் செய்தது எளிய வழி. பக்கவாட்டுப் படம் ஒன்றை, உடலின் நீளம் சரியாக 18.4 செ.மீ. வரும்வரை பெரிதாக்கி நகலெடுத்தோம். இப்போது படத்தில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் 1 மீட்டர். அளவுகோலை வைத்துக் கதவை நேரடியாக அளக்கலாம்.

ஆனால் படத்தை எப்படி நம்புவது? தெரிந்த இன்னொரு அளவை வைத்துச் சோதிக்க வேண்டும். வால் விசிறியின் செங்குத்தாக நிற்கும் இறக்கை, மையத்திலிருந்து நுனிவரை 1.95 செ.மீ. இருக்க வேண்டும். முதல் படத்தில் 2.15 வந்தது. பத்தில் ஒரு பங்கு பிழை! காரணத்தைத் தேடினோம். ஒரு பென்சிலைக் கண்முன் நேராகப் பிடித்து, மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். திருப்பத் திருப்ப நீளம் குறைந்து தெரிகிறது, தடிமன் குறைவதில்லை. படத்தில் ஹெலிகாப்டர் சற்றுத் திரும்பி நிற்கிறது. அதனால் நீளம் சுருங்கியிருக்கிறது. நாம் அந்த நீளத்தை இழுத்து 18.4 ஆக்கியதும் உயரங்கள் கூடிவிட்டன. அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வேறு படம் தேடினோம். இரண்டு தெரிந்த அளவுகளும் ஒத்துவரும் படத்தை மட்டும் பயன்படுத்துவது என்று விதி வைத்தோம்.

நான் செய்த பிழை

விசிறி இறக்கைகளை இரண்டு குழுக்கள் செய்தன. இறக்கையின் ஒரு விளிம்பு தடித்து உருண்டிருக்கும், மறுவிளிம்பு மெலிந்திருக்கும். தடித்த விளிம்புதான் சுற்றும் திசையில் முன்னால் போக வேண்டும். எம்ஐ-17-இன் மேல் விசிறி, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். முதல் குழு இறக்கைகளை மாற்றி ஒட்டிவிட்டது. பார்த்தவுடன் ஒரு மாணவி, "காத்தாடி இப்பிடிச் சுத்தாதுலா, சார்" என்றாள். வகுப்பு முழுவதும் கைதட்டச் சொன்னேன். நம் ஊரைப் பார்த்துக் கற்ற பிள்ளை என்று பெருமையாக இருந்தது.

இரண்டாவது குழுவில், முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவன் இருந்தான். அதிகம் பேச மாட்டான். கணக்கில் சுமாரான மதிப்பெண். அவன் கொண்டுவந்த ஐந்து இறக்கைகளும் நுனியில் ஏறத்தாழ ஒரு செ.மீ. கீழே வளைந்திருந்தன. பசை ஈரத்தில் அட்டை தொய்ந்துவிட்டது என்று நினைத்தேன். "இவ்வளவு அளந்து செஞ்சிட்டு கடைசியில இப்படி வளைய விடலாமா? நேராக்கிக் கொண்டுவா" என்றேன். சொன்னபடி, இரண்டு நாள் புத்தக அடுக்கின் கீழ் வைத்து நேராக்கிக் கொண்டுவந்தான். நானும் 'நன்று' என்று சொல்லிப் பொருத்தச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, பின்கதவுக்காகத் தரையில் நிற்கும் எம்ஐ-17 படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்திலும் இறக்கைகள் நுனி நோக்கிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ பத்து மீட்டர் நீண்ட, சுமார் அரை மீட்டர் அகலமே உள்ள இறக்கை, நிற்கும்போது தன் எடையால் தொய்ந்துதானே நிற்கும்! அவன் செய்திருந்தது பிழையல்ல. நேராக்கச் சொன்னதுதான் பிழை.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். பிறகு அவனைத் தனியே கூப்பிட்டு, "ஏன்டே அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். "படத்தக் காட்டலாம்னுதான் நெனச்சேன், சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான்.

அந்தப் பதில் என்னை வெகுநாள் உறுத்தியது. முதல் மாணவி சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், ஆகவே பாராட்டினேன். இவன் செய்தது எனக்குத் தெரியாத விஷயம், ஆகவே திருத்தினேன். இருவரும் செய்தது ஒன்றுதான்: கவனித்துப் பார்த்தார்கள். விடைத்தாள் திருத்தும்போது எத்தனை முறை இப்படிச் செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருந்தது.

பிழையிலிருந்து ஒரு பாடமும் கிடைத்தது. தொங்கும் இறக்கை பறக்கும்போது எப்படி நேராகிறது? நூலில் கல்லைக் கட்டிச் சுற்றச் சொன்னேன். சும்மா பிடித்தால் தொங்கும் நூல், சுற்றினால் விறைத்து நிற்கிறது. இந்த விசிறி நிமிடத்துக்கு 192 முறை சுற்றுகிறது. வட்டத்தின் சுற்றளவு சுமார் 67 மீட்டர். நொடிக்கு 3.2 சுற்று என்றால் நுனியின் வேகம் நொடிக்குச் சுமார் 214 மீட்டர். அதாவது மணிக்கு 770 கி.மீ. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்கும் ஒன்பதாம் வகுப்பு வாய்பாட்டில் போட்டால், நுனியின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைவிட 400 மடங்குக்கும் அதிகம். அந்த இழுப்பில் இறக்கை விறைத்துக்கொள்கிறது. காற்றின் தூக்குவிசையால் நுனி சற்று மேலேயும் எழுகிறது. ஆக, நிற்கும் மாதிரிக்குத் தொங்கும் இறக்கை. பறக்கும் மாதிரிக்கு மேலெழும் இறக்கை. முற்றிலும் நேரான இறக்கை எங்கள் மாதிரிக்குப் பொருந்தாதது.

மூன்று நிறங்கள்

அதன் பிறகு ஒரு பதிவேடு வைத்தோம். மாதிரியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி. எதிரே ஒரே கேள்வி: 'எப்படித் தெரியும்?' வெளியான அளவு என்றால் பச்சை. படத்தில் அளந்து கணக்கிட்டது என்றால் மஞ்சள். ஊகம் என்றால் சாம்பல். 'சார் சொன்னார்' என்பது விடையாக ஏற்கப்படாது. என் பேச்சுக்கும் ஆதாரம் கேட்கலாம்.

சாம்பல் நிறம் வெட்கப்பட வேண்டியதல்ல என்பதற்கு உலகில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க சிறப்புப் படையினர் நடத்திய நடவடிக்கையில், உருமாற்றப்பட்ட பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து சேதமடைந்தது. அதை அவர்களே அழித்துவிட்டுச் சென்றார்கள். ஆனால் வால் பகுதி மட்டும் மதிலருகே மிஞ்சியது. அதன் படங்கள் உலகெங்கும் வெளியாயின. வழக்கமான பிளாக் ஹாக்கின் வால் விசிறிக்கு 4 இறக்கைகள். இதில் அதைவிடக் கூடுதல். விசிறியின் மையத்தில் தட்டுபோன்ற மூடி. அந்த வாலை வைத்து முழு ஹெலிகாப்டரையும் பலர் மாதிரியாகச் செய்தார்கள். வால் ஆதாரம், முன்பக்கம் ஊகம்.

ஊகம் எவ்வளவு தூரம் விலகலாம்? 1986-இல் அமெரிக்காவின் டெஸ்டர் நிறுவனம், யாரும் பார்த்திராத ரகசியப் போர்விமானத்தை 'எஃப்-19' என்ற பெயரில் மாதிரியாக விற்றது. வழவழப்பான வளைவுகளோடு அழகாக இருந்தது, ஏராளமாக விற்றது. 1988 நவம்பரில் உண்மையான எஃப்-117-இன் படம் வெளியானபோது, அது பட்டை தீட்டிய கல்போலத் தட்டையான முகங்களால் ஆனதாக இருந்தது. ஊகிப்பதில் தவறில்லை, அதை ஊகம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எளிதாகப் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் பதிவேட்டில் விமானி அறையின் உட்பகுதி முழுக்கச் சாம்பல். கண்காட்சியில் வைத்தபோது மாதிரியிலும் அந்த இடத்தைச் சாம்பல் காகிதத்தால் மூடியே வைத்தார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர், வேலை முடியவில்லை என்று எண்ணிக் கடந்துபோனார்கள். பரிசு எங்களுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு வருத்தம்தான், எனக்கும்தான். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் ஒருவரும், 'உள்ளே ஏதாவது செய்து வைத்திருக்கலாம்' என்று சொல்லவில்லை.

நூறு கிராம் கணக்கு

ஒரு நாள் மாதிரியை எடைபோட்டோம்: 148 கிராம். நிஜ எம்ஐ-17 அதிகபட்சம் 13,000 கிலோவோடு மேலெழும். "50-ஆல வகுத்தா 260 கிலோ வருது, சார்!" என்று சிரித்தார்கள். இங்கேதான் பரப்பும் கனஅளவும் வகுப்புக்குள் வருகின்றன. நீளம் 50-இல் ஒரு பங்கு என்றால் பரப்பு 2,500-இல் ஒரு பங்கு. கனஅளவு 1,25,000-இல் ஒரு பங்கு. 13,000 கிலோவை அதனால் வகுத்தால் 104 கிராம். அட்டையும் பசையும் சேர்ந்து அதைவிட 44 கிராம் கூடிவிட்டன. நீளம், பரப்பு, கனஅளவு மூன்றும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை.

உங்கள் வகுப்பில்

ஆசிரிய நண்பர்கள் இதை ஹெலிகாப்டரில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஊர்த்தேர், படகு, பள்ளிக் கட்டடம், காற்றாலை எதுவும் சரியே. தொடக்க வகுப்பில் மைதானத்து வட்டமும் செவ்வகமும் போதும். ஆறு, ஏழாம் வகுப்பில் அளவு அட்டவணை. எட்டு, ஒன்பதில் படத்திலிருந்து அளவெடுத்தலும் கனஅளவுக் கணக்கும். பத்தாம் வகுப்பில் வால் விசிறி எதற்கு என்று நியூட்டனின் மூன்றாம் விதியோடு கேட்கலாம்: மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும், அதைத் தடுத்து நிறுத்துவது வாலில் உள்ள விசிறி.

இரண்டு எச்சரிக்கைகள். பாதுகாப்புத் துறை தொடர்பானவற்றில் பொதுவெளியில் வெளியான படங்களையும் அளவுகளையும் மட்டுமே பயன்படுத்துங்கள். படைத்தளங்களைப் படமெடுக்க மாணவர்களை ஒருபோதும் அனுப்பாதீர்கள். இரண்டாவது, மாணவர் கொண்டுவரும் பொருளில் ஏதேனும் கோணலாகத் தெரிந்தால், திருத்தும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எங்கே பார்த்தாய்?"

அந்த மாணவன் இறக்கைகளைப் புதிதாகச் செய்து, மறுபடி வளைத்துப் பொருத்தினான். மாதிரி இப்போது எங்கள் கணித அறை அலமாரியில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், "எறக்கை வளைஞ்சுபோச்சே" என்பார்கள். பக்கத்தில் இருக்கும் மாணவர் யாராவது பதிவேட்டை எடுத்து, அந்த வரியைத் திறந்து காட்டுவார். நிறம்: மஞ்சள். ஆதாரம்: தரையில் நிற்கும் ஹெலிகாப்டரின் மூன்று படங்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கிறது. திருத்தம் என்ற இடத்தில் என் பெயரும் இருக்கிறது. அதன் எதிரே 'தவறான திருத்தம்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.